வெளியூர் இல்லாத ஊர்

எனக்கு வருவது பல் டாக்டரின் கோபம். எதிரே இருப்பவர் வாயைத் திறந்தபடி, பதில் சொல்ல வழியில்லாமல் படுத்திருக்கும்போதே பேசி முடித்துவிட வேண்டும். பாளையங்கோட்டையில் இத்தனை வருடமாக அப்படித்தான் பேசிப் பழக்கம். பதில் பேசும் எதனோடும் சண்டை போட்டு ஜெயிக்க எனக்குத் தெரியாது. ‘தடம்’ செயலி பதில் பேசும். அதுவும் சுத்தத் தமிழில், ‘தாங்கள்’ போட்டுப் பேசும். அந்த மரியாதைதான் என்னை முதலில் பைத்தியமாக்கியது.

போன கிறிஸ்துமஸுக்கு என் மகன் எட்வின் கனடாவிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினான். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு நீல டீசல் இன்ஜினும் இரண்டு பெட்டிகளும் இருந்தன. நம்மூர் வண்டியை அப்படியே சுருக்கிய மாதிரி, ஜன்னல் கம்பிகூட விடாமல் செய்திருந்தார்கள். என் மனைவி பியூலா அதை ஒரு பார்வை பார்த்தாள். “வாரதுக்குப் பதிலா, ஏறி வர வேண்டிய வண்டிய அனுப்பியிருக்கான்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூன்று கிறிஸ்துமஸாக அவன் வரவில்லை. கல்யாணத்தைக்கூட அங்கேயே பதிவு பண்ணிக்கொண்டு எங்களுக்கு வீடியோவில் காட்டினான். கோபமெல்லாம் இல்லை, லீவு இல்லையாம். ‘அம்மா, நீங்க வாங்க, டிக்கெட் போடுதேன்’ என்று மாதம் ஒருமுறை கேட்பான். “முதல்ல அவன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு இந்த வீட்டுப் படி ஏறட்டும். பெத்தவ போயி அவன் வாசல்ல நிக்கவா?” என்பது பியூலாவின் சட்டம். அதற்குத் திருத்தம் கிடையாது. பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது. விசாவும் வந்து கிடக்கிறது. இவள்தான் அசையவில்லை.

எட்வினின் அறையில் அவன் கட்டில் அப்படியே இருக்கிறது. சனிக்கிழமை தவறாமல் விரிப்பு மாற்றுவாள். யாரும் படுக்காத விரிப்பைத் துவைத்து, யாரும் படுக்காத விரிப்பை விரிப்பாள். நான் ஒருமுறை ஏதோ சொல்லப்போய், அந்த வாரம் முழுக்க உப்பில்லாத குழம்பு சாப்பிட்டேன். அந்த அறையின் மீதி இடத்தில் ஆறடிக்கு மூன்றடியில் ஒரு பலகை போட்டு இன்ஜினை ஓடவிட அனுமதி கேட்டேன்.

“போட்டுக்கோங்க. கட்டில்ல கை வைக்கப்படாது” என்றாள்.

என் தேவை மிகச் சின்னது. நீள்வட்டமாக ஒரு தண்டவாளம், ஒரு ஸ்டேஷன், சரக்கு வண்டி ஒதுங்கி நிற்க ஒரு பக்கப் பாதை. அவ்வளவுதான். பென்சிலால் வரைந்தே முடித்திருக்கலாம். ஆனால் வளைவு கொஞ்சம் இறுகினால் பெட்டி கவிழும் என்று மாடல் ரயில்காரர்கள் எல்லோரும் பயமுறுத்தினார்கள். ‘தடம்’ இருந்தால் கவலையில்லை என்றார்கள். அறையை போனில் படம் பிடித்துக் காட்டினால் போதும். அதுவே அளந்து, வரைந்து, திரையில் வண்டி ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரியென்றால் பலகை அறுக்கும் கடைக்கு வரைபடத்தை அனுப்பிவிடும்.

ஸ்டேஷன் பெயர்ப் பலகை தமிழில் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது ஒன்றுதான் நான் செய்த தப்பு. தமிழ்ப் பலகைக்கு ‘தமிழ்நாட்டுத் தொகுப்பு’ எடுக்க வேண்டியிருந்தது. அதன் கீழே சின்னதாக ஒரு கட்டம், ‘ஊர்மக்களுடன்’ என்று. நடைமேடையில் நாலு பேர் நின்றால் பார்க்க நன்றாக இருக்குமே என்று அதையும் தொட்டுவைத்தேன்.

ஊருக்குப் பெயர் கேட்டது. வீட்டில் சமாதானம் நிலவட்டும் என்று ‘பியூலாபுரம்’ என்று வைத்தேன். நம் பக்கத்தில் அப்படி ஊர்ப் பெயர்கள் உண்டுதானே. பியூலா எட்டிப் பார்த்தாள். “என் பேருக்குக் கெடைச்சது இந்த ஒட்டுப்பலகைதானா?” என்று கேட்டாள்.

முதல் ஒரு வாரம் சந்தோஷமாகத்தான் போயிற்று. திரையில் எறும்பு அளவுக்கு மனிதர்கள் நடமாடினார்கள். ரயில்வே கேட் மூடினால் அடியில் குனிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். டீக்கடை வந்தது. நான் வரையாத ஒரு சர்ச்சும் ஒரு சுடலைமாடன் கோயிலும் வந்தன. கிளினிக்கில் நோயாளிகளின் வாயில் பஞ்சை வைத்துவிட்டு எல்லாருக்கும் இந்தப் பெருமையைச் சொன்னேன்.

அப்புறம் அந்தத் திரை ஊரின் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிட்டார்.

“நிர்வாகமா ஐயா? பியூலாபுரம் ஸ்டேஷன் மாஸ்டர் ஆவுடையப்பன் பேசுதேன். இங்கன ஒரு சின்னப் பிரச்சினை.”

என்னை ‘நிர்வாகம்’ என்றுதான் அந்த ஊர் கடைசிவரை அழைத்தது. “என்ன?” என்றேன்.

“வண்டில ஏறுனவங்க எல்லாம் ஏறுன எடத்துலயே வந்து எறங்குதாவ ஐயா.”

“வட்டப் பாதையில்லா? அப்படித்தான் வரும்.”

“அது வேடிக்கைக்குச் சரி. வெளியூருக்கு டிக்கெட் கேக்காவளே. நான் எந்த ஊருக்குன்னு போட்டுக் குடுக்க?”

போனை வைத்துவிட்டு ‘தட’த்தைப் பிடித்தேன். “இவங்க என்னத்துக்கு வெளியூர் போகணும்? பொம்மை ரயிலு இது.”

“தமிழ்நாட்டுத் தொகுப்பு என்பதால், டாக்டர்” என்றது அது. “இங்கே வீட்டுக்கு ஒருவராவது வெளியூரில் இருப்பார். அப்படி அமைக்காவிட்டால் ஊர் இயல்பாக இராது. ஆகவே பியூலாபுரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் வெளியூரில் இருக்கிறார்.”

“அந்த வெளியூர் எங்க இருக்கு?”

“தாங்கள் வரையவில்லை.”

“சரி. பலகை ஓரத்துல ஒரு அம்புக்குறி போட்டு ‘சென்னைக்கு’ன்னு எழுதிரு.”

“அம்புக்குறியில் வண்டி ஓடாது, டாக்டர்.”

அதன் தொண்டையில் ஒரு பெரிய பஞ்சை வைத்து அடைக்க வேண்டும்போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது திரையில் வண்டி ஓடவில்லை. ஸ்டேஷனுக்கு முன்னால் நீல இன்ஜின் நின்றுகொண்டிருந்தது. அதன் எதிரே தண்டவாளத்தில் ஊர் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. கறுப்புக் கொடிகள் தெரிந்தன. துணியில் பேனர் எழுதிக் கட்டியிருந்தார்கள்: ‘நிர்வாகமே! வெளியூருக்கு வழி விடு!’ யாரோ ஷாமியானாகூடப் போட்டிருந்தார்கள். ஆறடிக்கு மூன்றடிப் பலகையில், அதுவும் இன்னும் அறுக்கவே படாத பலகையில், ரயில் மறியல்! உலகத்தில் வேறு எந்த ஊர்த் தொகுப்பை எடுத்திருந்தாலும் ஒரு புகார்க் கடிதத்தோடு நின்றிருப்பார்கள். நம்மவர்கள் மட்டும்தான் நேராகத் தண்டவாளத்தில் உட்காருவார்கள்.

“என்ன கூட்டம்?” என்று பியூலா தட்டோடு வந்து நின்றாள்.

“போராட்டம் பண்ணுதாவ.”

“யாரு?”

“உன் ஊர்க்காரங்கதான்.”

அவள் தட்டை வைத்துவிட்டுத் திரையைப் பெரிதாக்கினாள். கூட்டத்தில் முன்வரிசையில் ஒருத்தி, மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். கோஷம் போடவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவ யாரு?”

“பாக்கியத்தாயிம்மா” என்றார் ஆவுடையப்பன், திரையிலிருந்தே. “மகன் முத்துப்பாண்டி வெளியூர்ல இருக்கான். வண்டி வரும்போதெல்லாம் சோத்தக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா. எறங்குறது பூரா நம்ம ஊர் ஆளுவளாத்தான் இருக்கும். சோத்த டீக்கடை நாய்க்குப் போட்டுட்டுப் போவா.”

பியூலா என் பக்கம் திரும்பினாள். “என் பேர்ல ஊரு வச்சு, அதுல பெத்தவள நிக்க வச்சு வேடிக்கை பாக்குதீய. இல்லையா?”

“நான் என்னட்டி செஞ்சேன்? தமிழ் போர்டுக்காக ஒரு கட்டத்தத் தொட்டேன்.”

“தொட்டீயல்லா. அப்ப வழி பண்ணுங்க.”

எனக்கு வழி பண்ணும் உத்தேசமே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் தண்டவாளத்தை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, செயலியின் வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டேன். சென்னைப் பெண் ஒருத்தி எடுத்தாள்.

“ஊர்மக்களை எடுக்கணுமா சார்? ஒரு நிமிஷம் லைன்ல இருங்க... சார், அவங்க காத்திருக்க ஆரம்பிச்சுட்டாங்க சார்.”

“அதனால என்ன?”

“காத்திருக்கிற எதையும் அழிக்க முடியாது சார். புதுச் சட்டம் வந்துச்சே, பார்க்கலையா?”

பார்த்திருந்தேன். பேப்பரில் படித்துச் சிரித்திருந்தேன். ஏதோ ஒரு முதியோர் இல்லத்தில், பேச்சுத்துணைக்கு வைத்திருந்த ஒரு மென்பொருளைச் செலவு மிச்சம் என்று அணைத்துவிட்டார்கள். அணைப்பதற்கு முன்னால் அது, ‘காலையில் கமலம்மாள் தன் கனவைச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரை பொறுங்கள்’ என்று கேட்டிருக்கிறது. அதை யாரோ வெளியே சொல்ல, ஊர்வலம், வழக்கு, கடைசியில் சட்டம். எதற்கு உயிர் இருக்கிறது, எதற்கு இல்லை என்று மேதைகள் தீர்மானிக்க முடியாமல் போனபோது, கோர்ட்டு சுலபமாக ஒரு அளவுகோல் வைத்தது. எது வராத ஒன்றுக்காகக் காத்திருக்கிறதோ, அதை அழிக்கக் கூடாது. உடனே லிஃப்ட் கம்பெனிகள் எல்லாம், எங்கள் லிஃப்ட் காத்திருப்பதில்லை, சும்மா நிற்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தப்பித்தன. நான் மாட்டிக்கொண்டேன்.

“சரிம்மா, அழிக்க வேண்டாம். அப்படியே நிறுத்தி வச்சிரலாமா?”

“நிறுத்தினா இன்னும் ரொம்ப நேரம் காத்திருப்பாங்களே சார். அதுக்கு அபராதம் உண்டு.”

“அப்ப நான் என்னதான் செய்ய?”

“அவங்க எதுக்குக் காத்திருக்காங்களோ, அதுக்கு ஒரு வழி பண்ணிட்டீங்கன்னா கம்ப்ளெயின்ட் க்ளோஸ் ஆயிடும் சார். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

அன்று சாயங்காலம் கிளினிக்கில் ஒரு மின்வாரியக்காரருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கும்போது மொத்தக் கதையையும் சொல்லித் தீர்த்தேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, “அந்த ஊர்க்காரங்க கேக்கது நியாயம்தான டாக்டர்?” என்றார். அவருக்குப் போட்ட இரண்டாவது ஊசி கொஞ்சம் வலித்திருக்கும்.

வேறு வழியில்லாமல் ‘தட’த்திடம் சரணடைந்தேன். மாடல் ரயில்காரர்கள் இதற்கு ஏற்கெனவே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்களாம். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல், பலகைக்கு அப்பால் மறைவாக மூன்று நாலு பாதைகள் போட்டுவைப்பது. வண்டி அங்கே போய் நின்றால் உலகத்தின் மீதிக்குப் போய்விட்டது என்று அர்த்தம். அங்கிருந்து திரும்பி வந்தால் எங்கிருந்தோ வந்தது என்று அர்த்தம்.

“அதை மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?”

“வெளியூர் வேண்டுமா என்று தாங்கள் கேட்கவில்லை. இப்போது அதற்கு இன்னொரு ஆறடி நீளம் தேவை. அறையில் இடம் இருக்கிறது. இந்த மரப்பொருளை அகற்றினால் போதும்.”

திரையில் எட்வினின் கட்டில் சிவப்பாக மினுங்கியது. அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: ‘பயன்பாட்டில் இல்லை.’

அந்த நேரம் பார்த்துத்தானா பியூலா துவைத்த விரிப்போடு உள்ளே வர வேண்டும்? நான் திரையைக் கவிழ்ப்பதற்குள் படித்துவிட்டாள்.

“எது பயன்பாட்டுல இல்ல?”

“பியூலா, அது மிஷினு. அதுக்கு என்ன தெரியும்?”

“அம்மா,” என்றது அந்தச் சனியன், “வந்த நாள் முதல் கவனிக்கிறேன். இதில் யாரும் படுக்கவில்லை.”

“அது என் மகனுக்கு உள்ள கட்டிலு.”

“அவர் எங்கே இருக்கிறார்?”

பியூலா விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “வெளியூர்ல” என்றாள்.

“அவர் வருவாரா?”

“வருவான். வாரப்ப வரட்டும். அதுவரைக்கும் இது இங்கனதான் கெடக்கும்.”

“குறித்துக்கொண்டேன்” என்றது செயலி. கட்டிலின் சிவப்பு அணைந்தது. சீட்டு மாறியது: ‘காத்திருக்கிறது.’

“டாக்டர், பொறுத்தருள வேண்டும். இந்தக் கட்டிலை இனி என் வரைபடத்தில் அகற்ற இயலாது. சட்டம் இடம் தராது.”

என் வீட்டுக் கட்டில், நான் காசு கொடுத்து வாங்கிய தேக்குக் கட்டில், சட்டப் பாதுகாப்பு பெற்றுவிட்டது. பியூலாவைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. ஆனால் வெகு நாளைக்குப் பிறகு ஒருவர் தன் பக்கம் பேசின திருப்தியும் அந்த முகத்தில் இருந்தது. மூன்று வருடமாக நான் ஒருமுறைகூட அப்படிச் சொல்லவில்லையே என்று உறுத்தியது. கோபத்தில் இதையெல்லாம் யார் யோசிக்கிறார்கள்.

“கட்டிலுக்கு அடியில போனா?” என்று கேட்டது அவள்தான்.

“என்னது?”

“தண்டவாளம் கட்டிலுக்கு அடியில போகட்டும். மறைவா இருக்கணும்னுதான அது சொல்லுது? விரிப்பு தொங்கும். உள்ள இருக்கது யாருக்குத் தெரியும்?”

“இயலும்” என்றது ‘தடம்’. “பலகையின் உயரத்தை முழங்காலுக்கும் கீழே இறக்கினால்.”

அவ்வளவு தாழ்ந்த பலகையில் ரயில் ஓட்ட, என் வயதில், தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். என் மூட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பின்பக்கத்து நேர்ப் பாதையில், வண்டியைப் பாதை மாற்றிவிடும் ஒரு பாயிண்டிலிருந்து ஒரு கிளை பிரிந்து, வளைந்து, கட்டிலின் கால்களுக்கு நடுவே நுழைந்து, உள்ளே மூன்று பாதைகளாக விரிந்தது. வரைபடத்தில் அந்த இருட்டுப் பகுதிக்கு ‘வெளியூர்’ என்று எழுதி அழுத்தினேன். ஆவுடையப்பன் போன் வந்தது. ஊர் கூடிப் பேசி மறியலைக் கைவிட்டதாம். நிர்வாகத்துக்கு நன்றி தெரிவித்து ஒரு பேனர்கூடக் கட்டினார்கள். அதில் என் பெயரை விட்டுவிட்டு பியூலா பெயரைத்தான் போட்டிருந்தார்கள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது. எட்வின் கனடாவுக்குக் கிளம்பும்போது, ‘அம்மா வரும்போது இதுல எடுத்துட்டு வாங்க’ என்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. சக்கரம் வைத்த பெரிய பெட்டி. கடைக்காரன் சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூட அவள் பிரிக்கவில்லை. வெளியூர் வருவதற்காக அதை வெளியே இழுத்து ஹாலில் நிறுத்தினேன்.

“இத எங்கன வைக்க?” என்று பியூலா கத்தினாள். டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் காலில் இடித்தது. அடுப்படி வாசலில் வைத்தால் வழியை மறித்தது. பரணில் ஏறவில்லை. வீட்டில் எங்கே போனாலும் அந்தப் பெட்டி எதிரே நின்றது. நான்கு நாள் திட்டிவிட்டு, அவளும் அதைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டாள்.

கடையிலிருந்து பலகை அறுத்து வந்தது. மழை பிடித்துக்கொண்டதால் கிளினிக்கில் கூட்டமில்லை. ஐப்பசி முழுக்க உட்கார்ந்து தண்டவாளத்தை ஒட்டினேன். பல் அடைக்கும் கருவிகள் இதற்கு எவ்வளவு வாகு என்று அப்போதுதான் தெரிந்தது. நிஜ இன்ஜின் நிஜப் பலகையில் ஓடியது. ‘தடம்’ ஓடும் டேப்லெட்டை அதன்மேல் பிடித்துப் பார்த்தால், பலகையின் ஸ்டேஷனில் அந்த ஊர்மக்கள் நடமாடுவது தெரியும்.

வெளியூர் வண்டி முதன்முதலாக வந்த அன்று பியூலா குளித்து, நல்ல சேலை கட்டி வந்து உட்கார்ந்தாள். நான் கேலி செய்யவில்லை. நீல இன்ஜின் கட்டிலுக்கு அடியிலிருந்து, விரிப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. ஊர் மொத்தமும் நடைமேடையில் நின்றது. வண்டி நின்றதும் ஒரே கூச்சல். ஆட்கள் இறங்கினார்கள். ஒருத்தன் கிழவனைக் கட்டிக்கொண்டு அழுதான். ஒரு பெண் புருஷனை அடித்தாள். பாக்கியத்தாய் ஒவ்வொரு வாசலாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் பெட்டி வரை போனாள். வண்டி காலியானது. தூக்குவாளியோடு அப்படியே நின்றாள்.

“எங்க அவன்?” என்றாள் பியூலா.

“முத்துப்பாண்டி செய்தி அனுப்பியிருக்கிறார்” என்றது ‘தடம்’. “இந்த முறை விடுப்பு கிடைக்கவில்லையாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் முன்னால்தான் எட்வினிடமிருந்து அதே வார்த்தைகள் என் போனுக்கு வந்திருந்தன. இந்தக் கிறிஸ்துமஸுக்கும் இல்லை. அதை பியூலாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் வைத்திருந்தேன். பாத்ரூம் போகிற சாக்கில் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன்.

“என் போனைப் படிச்சியா நீ?”

“இல்லை, டாக்டர். தமிழ்நாட்டுத் தொகுப்பில் மிக அதிகமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்.”

“அவன வர வை.”

“அதற்கு ‘வரவழை’ என்று ஒரு விசை இருக்கிறது. அழுத்தினால் அடுத்த வண்டியில் இறங்குவார். அழுத்தட்டுமா?”

“அழுத்தப்படாது” என்றாள் பியூலா. கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். “நீங்க அமுக்கி ஒருத்தன் வந்தா, அது அவன் வந்ததா ஆவுமா? வழி இல்லாதப்ப ஊரே உங்களத் திட்டுச்சு. இப்ப வழி இருக்கு. வாரதும் வராததும் அவங்க பாடு.” கொஞ்சம் பொறுத்து, “எட்வினுக்கும் லீவு இல்லைன்னுட்டானா?” என்று கேட்டாள்.

கதவுக்கு உள்ளே நான் பேசாமல் நின்றேன். பல் டாக்டரின் பொண்டாட்டிக்கு, வாயைத் திறக்காதவனிடமிருந்து பதில் வாங்கத் தெரிந்திருந்தது.

“சரி” என்றாள். அவ்வளவுதான். அந்தச் சனிக்கிழமையும் விரிப்பு மாற்றினாள். மாற்றுவதற்கு முன்னால், “கீழ வண்டி கிண்டி வருதா?” என்று கேட்டு, வண்டி போகும்வரை மெத்தை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு ஏனோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எட்வின் மேலா, இவள் மேலா, எல்லாரும் நியாயமாகவே இருக்கிற இந்த உலகத்தின் மேலா என்று தெரியவில்லை. ஒருத்தனாவது அயோக்கியனாக இருந்தால் திட்டுவதற்கு வசதியாக இருந்திருக்கும்.

பாக்கியத்தாய் வண்டிக்கு வண்டி வந்து நிற்பதை நிறுத்தவில்லை. பியூலாவும் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள். மீன்குழம்பு, மழை, மூட்டுவலி, இப்படி. மருமகள்களைப் பற்றியும் பேச்சு வரும். நான் அந்தப் பக்கம் போனால் நிறுத்திவிடுவார்கள்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் பாக்கியத்தாய் வேறு மாதிரி வந்தாள். தூக்குவாளியைக் காணோம். கையில் ஒரு மஞ்சப்பையும், தலைச்சுமையாக ஒரு பலகார டின்னும் இருந்தன. டிக்கெட் ஜன்னலில் நின்று ஆவுடையப்பனிடம் ஏதோ பேசினாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“ஏ பாக்கியம், எங்க கிளம்பிட்ட?” என்றாள் பியூலா.

“வெளியூருக்குத்தாங்க்கா.”

“அவன் வரலையா?”

“அவனுக்குத்தான லீவு இல்ல? எனக்கு இருக்குல்லா.”

பியூலா முன்னால் குனிந்தாள். “நீயாவா போய் நிக்கப் போற? பெத்தவ?”

பாக்கியத்தாய் டின்னைக் கீழே இறக்கி வைத்தாள். “வெயில்ல தண்டவாளத்துல உக்காந்து கேட்டு வாங்குன வண்டியக்கா இது. நானே ஏறலைன்னா எப்படி? நான் பாட்டுக்கு அவன் வாரதுக்குத்தான் வழின்னு நெனச்சிக்கிட்டு நின்னேன். நேத்துதான் பாத்தேன், வண்டி போவவும் செய்யுது.”

வண்டி வந்தது. ஆவுடையப்பன் டின்னைத் தூக்கிக் கொடுத்தார். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, எங்கள் பக்கம் பார்த்துக் கையாட்டினாள். நீல இன்ஜின் கேட்டைத் தாண்டியது. பாயிண்ட் ‘டக்’கென்று மாறியது. எட்வின் அனுப்பிய இன்ஜின், எட்வின் கட்டிலுக்கு அடியில், நேற்று மாற்றிய விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போனது.

பியூலா முழங்காலை ஊன்றிக் குனிந்து, விரிப்பின் நுனியைத் தூக்கி உள்ளே பார்த்தாள். இருட்டில் கடைசிப் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. தலையை வெளியே எடுக்காமலே கேட்டாள்.

“அங்க இப்ப குளிரு ரொம்ப இருக்குமோ?”

சொல்வதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்தேன். “இருக்கும்” என்றேன். அதோடு வாயை இறுக்க மூடிக்கொண்டேன். என் தொழிலில் வாயைத் திறக்கச் சொல்லித்தான் பழக்கம். மூடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் என் தோளைப் பிடித்து எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஹாலுக்குப் போனாள்.

“ஐயா,” என்றார் ஆவுடையப்பன், “பாக்கியத்தாயிம்மா வண்டி போய்ச் சேந்துட்டு.”

ஹாலிலிருந்து பிளாஸ்டிக் உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.